உப்புத் தண்ணீரும் இரும்புக் கேட்டும்

மீஞ்சூரில் பஜாரை விட்டு உள்ளே எந்தத் தெருவில் திரும்பினாலும் வீட்டு கேட்டுகளின் மேல்பாதியைப் பார்க்க வேண்டாம். அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். தகட்டில் வெட்டிய மயில், தங்க நிறம் தடவிய ஈட்டி முனை, வீட்டுப் பெயர். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தை மட்டும் பாருங்கள். பெயிண்ட் கொப்பளித்து நிற்கும். விரலால் அழுத்தினால் பொருக்கு உதிரும். அடிப்பட்டை செதில் செதிலாகப் பிரிந்து, சில வீடுகளில் கையை நுழைக்கும் அளவுக்கு ஓட்டையாகியிருக்கும். கார் நிறுத்தும் ஷட்டர் அறைகளிலும் இதே கதைதான். மேல் தகடுகள் பளபளக்கும். கடைசி இரண்டு மூன்று தகடுகளும் கீழ்ச்சட்டமும் அரித்துப் போயிருக்கும்.

காரணம் கேட்டால் எல்லோரும் கிழக்கே கை காட்டுவார்கள். கடற்காற்று. பாதிதான் உண்மை. காட்டுப்பள்ளிக் கடற்கரை இங்கிருந்து ஒன்பது, பத்து கிலோமீட்டர். காற்றில் வரும் உப்பின் பெரும்பங்கு கரையை ஒட்டிய முதல் ஓரிரு கிலோமீட்டரிலேயே இறங்கிவிடும். எண்ணூர்க் குப்பத்து வீட்டுக் கேட்டுக்கும் மீஞ்சூர் வீட்டுக் கேட்டுக்கும் காற்றிலிருந்து கிடைக்கும் உப்பு ஒரே அளவல்ல. அதுவும் காற்றின் உப்பு என்றால் கேட் முழுக்கத்தானே அரிக்க வேண்டும்? கீழ் ஓரடியை மட்டும் ஏன் தேடிப் பிடித்துத் தின்கிறது?

தினமும் காலையில் நாமே அதற்கு ஊட்டுகிறோம் என்பதுதான் பதில். போர் மோட்டாரைப் போட்டு, வாளியில் பிடித்து, வாசல் தெளிக்கிறோம். தண்ணீர் தரையில் அடித்து கேட்டின் மேல் தெறிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும்போது கேட்டுக்கும் அதே ஹோஸில் ஒரு குளியல். அந்தப் போர் தண்ணீர்தான் கடல்.

இதற்கு ஓர் ஐம்பது, அறுபது வருடக் கதை இருக்கிறது. 1960-களில் சென்னையின் தாகத்துக்கு வழிதேடி ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. மீஞ்சூர் மண்ணுக்கடியில் இருந்த நல்ல தண்ணீர் மணலித் தொழிற்சாலைகளுக்கும் போனது. சுற்றிலும் வயலுக்கு இறைப்பது தனி. நல்ல தண்ணீர் காலியான இடத்தைக் கடல் நிரப்பியது. 1969-ல் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை உள்ளே வந்திருந்த உப்பு நீர், 1983-ல் ஒன்பது கிலோமீட்டரைத் தொட்டது. அதன்பிறகு வந்த ஆய்வுகள் அது பத்தையும் தாண்டிவிட்டதைக் காட்டின. நிலத்தடியில் கடல் புகுந்ததற்கு நீரியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் உதாரணங்களில் மீஞ்சூர் ஒன்று. பெயருக்கு ‘மீஞ்சூர் கடல்நீர் குடிநீராக்கும் நிலையம்’ என்று காட்டுப்பள்ளியில் 2010 ஜூலையில் திறந்தார்கள். நாளொன்றுக்கு பத்து கோடி லிட்டர். அந்த நல்ல தண்ணீர் ஓடுவது சென்னைக்கு.

ஆக, காற்று வழியாக வராத கடல் நம் வீட்டுக்கு மோட்டார் வழியாக வருகிறது. இந்த ஊரில் கேட்டைக் காப்பாற்ற நினைப்பவர் பெயிண்ட் கடைக்குப் போகும் முன் எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்று பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

உப்பு இரும்பை என்ன செய்கிறது? துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். சுத்தமான இரும்பின் மேல் தண்ணீர் காய்ந்ததும் வேலை நின்றுவிடும். உப்பு இருந்தால் நிற்காது. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால் தானே நீரை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நாம் பார்ப்பதுதான். ஆனால் கடல் நீரில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது சுமார் 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துவிடும். நம் கடலோரத்தில் காற்று அந்த அளவுக்கு வறண்டு போகும் நாட்கள் அபூர்வம். அதாவது உப்புப் படிந்த கேட், பார்வைக்குக் காய்ந்திருந்தாலும், வருடம் முழுக்க நனைந்தே நிற்கிறது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். மழையில் நனையும் வெளிப்பக்கத்தைவிட, சன்ஷேடுக்குக் கீழ் மறைவாக இருக்கும் உள்பக்கம்தான் அதிகம் துருப்பிடிக்கும். கேட்டின் முதுகு, ஷட்டர் சேனலின் உட்குழி, அடிச்சட்டத்தின் அடிவயிறு. மழை வெளிப்பக்க உப்பைக் கழுவிவிடுகிறது. உள்பக்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மழை படாத இடம் பத்திரமான இடம் என்று நாம் நினைப்பது இந்த ஊரில் தலைகீழ்.

இரும்பரிப்பை ஆராயும் ஒரு நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். நாட்டின் பல இடங்களில் உலோகத் துண்டுகளை வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்து, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, இந்தியாவின் அரிப்பு வரைபடத்தை உருவாக்கியது அதுதான். மண்டபத்தில் கடலோரச் சோதனை நிலையமும் வைத்திருக்கிறது. இவ்வளவு பெரிய அறிவு நம் மாநிலத்திலேயே இருந்தும் மீஞ்சூர் வெல்டிங் பட்டறை வரை அது வந்து சேரவில்லை என்பது என் வருத்தம்.

சாம்பல் ஊர்

உப்போடு முடிந்தால் மீஞ்சூர் இன்னொரு கடலோர ஊர், அவ்வளவுதான். இங்கே சாம்பலும் இருக்கிறது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ல் ஓடத் தொடங்கியது. வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், முதலில் கட்டப்பட்டதே நிலக்கரி இறக்கத்தான். செப்பாக்கம் கிராமமோ சாம்பல் குளத்தை ஒட்டியே வாழ்கிறது. மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை மாலையில் உதறிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

1930-களில் வெர்னன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் எளிமையான ஒரு சோதனை செய்தார். ஈரக்காற்றில் இரும்பை வைத்தார், மெதுவாகத் துருப்பிடித்தது. காற்றில் கொஞ்சம் கந்தக டை ஆக்சைடு கலந்தார். ஈரப்பதம் ஓர் அளவைத் தாண்டியதும் துரு விறுவிறுவென்று ஏறியது. அதோடு கரித்தூளையும் இரும்பின் மேல் படியவிட்டார், இன்னும் மோசம். கரித்தூள் வாயுவையும் ஈரத்தையும் பிடித்து இரும்போடு ஒட்டவைத்துக் கொள்கிறது. ஈரப்பதம், கந்தகப் புகை, கரித்தூள் மூன்றும் அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. நமக்குத் தெருவிலேயே கிடைக்கின்றன.

அனல்மின் நிலையங்கள் கந்தகப் புகையைக் குறைக்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் விதி போட்டது. கெடு தள்ளிப் போனது, மறுபடி தள்ளிப் போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குப் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவி கட்டாயமில்லை என்றே அறிவித்துவிட்டார்கள். கேட்டுக்கு வருடா வருடம் பெயிண்ட் வாங்குவது வீட்டுக்காரர்; மின்கட்டணம் கட்டுவதும் அவரே. இந்தக் கணக்கைப் போட்ட சுற்றுச்சூழல் அறிக்கை எதையும் நான் பார்த்ததில்லை.

சாம்பல் விஷயத்தில் வீட்டில் செய்யும் பெரிய தவறு, காய்ந்த துணியால் துடைப்பது. பறக்கும் சாம்பல் என்பது பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும். உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் பொடிக்கு உறவு. அதைத் துணியில் வைத்துத் தேய்த்தால் எனாமலின் பளபளப்பு ஒரே வருடத்தில் மங்கிவிடும். அந்தக் கீறல்களில் உப்பு குடியேறும். முதலில் தண்ணீர் ஊற்றி சாம்பலை இறக்க வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் மெல்லிய துணியை முக்கி மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். கடைசியில் நல்ல தண்ணீர் ஒரு அலசல். பிளீச்சிங் பவுடர், கழிவறை ஆசிட் பக்கமே போகக் கூடாது. இரண்டிலும் குளோரைடு இருக்கிறது. கறை போகும், துரு சீக்கிரமே வரும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மழை நாளில் மாடிக் குழாய்க்குக் கீழ் வைக்கும் இரண்டு டிரம் போதும். ஒரு கேட்டை அலச மூன்று நான்கு வாளிக்கு மேல் தேவையில்லை. மழைத் தண்ணீர் தீர்ந்துவிட்டால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது குழாயில் வரும் குடிநீரை எடுங்கள். வாசல் தெளிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கோலம் போடாமல் எப்படி? கேட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தெளிக்கலாம். கைவாளியைக் குனிந்து ஊற்றினால் தெறிப்பும் குறையும்.

ஒரு கை ரெட் ஆக்சைடு

புது கேட்டின் ஆயுளில் பாதி பட்டறையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டும் ஆலைகள் பக்கத்திலேயே இருப்பதால் இந்தப் பகுதியில் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பைப்பும் சதுர செக்‌ஷனும் வந்து இறங்கும். வெட்டுவார்கள், வைத்து வெல்டு அடிப்பார்கள், ‘ஒரு கை ரெட் ஆக்சைடு அடிச்சாச்சு சார்’ என்று வண்டியில் ஏற்றுவார்கள். கிரகப்பிரவேசம் வரை அந்தச் சிவப்பு மேலேயே வெயிலும் பனியும் பட்டுக் கிடக்கும்.

இதில் மூன்று கோளாறு. புது இரும்பின் மேல் ஆலையிலிருந்தே வரும் நீலம் கலந்த கருப்புத் தோல் ஒன்று உண்டு. அது நாளடைவில் விரிசல் விட்டுக் கழன்றுவிடும். மேலே பூசிய எல்லாவற்றையும் கூடவே எடுத்துப் போகும். கிரைண்டரில் தேய்த்து அதை எடுக்காமல் எதைப் பூசினாலும் வீண். இரண்டாவது, விலை மலிவான ரெட் ஆக்சைடு வெறும் போர்வை. துருவைத் தடுக்கும் சரக்கு அதில் கிடையாது, நுண்துளைகளும் உண்டு. மேலே எனாமல் ஏறாமல் வாரக்கணக்கில் வெட்டவெளியில் விட்டால் ஈரத்தைக் குடித்துக் கொள்ளும். உப்பும் சாம்பலும் உள்ள ஊரில் துத்தநாக பாஸ்பேட் பிரைமர் கேட்டு வாங்குங்கள். கை தாராளமாக இருந்தால் இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர். விலை கூடத்தான். ஆனால் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது வெல்டு. நேரத்தையும் ராடையும் மிச்சம் பிடிக்க அங்கங்கே புள்ளி வைத்து விடுவார்கள். இரண்டு புள்ளிக்கும் நடுவில் பிளேடு நுழையும் அளவு இடுக்கு. பிரஷ் அதற்குள் போகாது, தண்ணீர் போகும். 1914-ம் வருடத்துப் பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் கட்டி 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில், கடலரிப்பைத் தாங்கப் பாலிசிலாக்சேன் பூச்சு அடித்ததைப் பெரிதாகப் பேசினார்கள். இணைப்புகளை முழு வெல்டாக அடித்ததும் அதே அளவு முக்கியம். வீட்டுக் கேட்டுக்குப் பாலிசிலாக்சேன் வேண்டாம். முழு வெல்டு வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், செய்து கொடுப்பார்கள். பைப்பின் மேல் வாயை மூடச் சொல்லுங்கள். அடிச்சட்டத்தின் கீழ்ப்பக்கம் சின்னதாக ஓட்டை போடச் சொல்லுங்கள். உள்ளே தேங்கும் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். உள்ளிருந்து அரிக்கும் துருவை எந்தப் பெயிண்ட்டும் பார்க்காது.

ஷட்டர் தகடு வேறு சாதி. அது பெரும்பாலும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு. அதன் மேல் நேரடியாக எனாமல் அடித்தால் துத்தநாகமும் எனாமலில் உள்ள எண்ணெய்ப் பிசினும் சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலமாகிவிடும். மறுவருடம் பெயிண்ட் தாள் தாளாக உரியும். பெயிண்டரைத் திட்டிப் பயனில்லை, கம்பெனியைத் திட்டியும் பயனில்லை. ஜி.ஐ.க்கு என்றே தனிப் பிரைமர் விற்கிறது. அதைத்தான் முதலில் அடிக்க வேண்டும்.

பழைய கேட்டைச் சுரண்டும் முன் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலானது. அதற்கு முன் அடித்த மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமல்களில் ஈயம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கிரைண்டரில் பறக்கும் அந்தத் தூள் தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். காய்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் தேய்ப்பது நல்லது. கீழே பிளாஸ்டிக் விரித்துத் தூளைச் சேர்த்து எடுத்துவிடுங்கள். முகத்துக்குத் துண்டு போதாது, மாஸ்க் வேண்டும். பெயிண்டருக்கும்தான்.

துருவை எவ்வளவு எடுப்பது? கம்பி பிரஷ்ஷால் பொருக்கைத் தட்டிவிட்டு, பள்ளங்களில் கருஞ்சிவப்பாக ஒட்டியிருப்பதை அப்படியே விட்டுப் பிரைமர் அடிப்பதுதான் ஊர் வழக்கம். அந்தப் பள்ளத்தில்தான் உப்பு உட்கார்ந்திருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மாலையில் பளிச்சென்று தேய்த்த இடத்தை மறுநாள் காலை பாருங்கள். கரும்புள்ளிகளோ ஈரக் கசிவோ தெரிந்தால் உப்பு இன்னும் போகவில்லை. நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, உடனே துணியால் ஒற்றி, வெயிலில் காயவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். புள்ளி வராத காலையில் அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். பெயிண்டர்களுக்கு இது பிடிக்காது. ஒரு நாள் வேலை மூன்று நாளாகும். அந்தக் கூலியைக் கொடுக்க மனம் வரவில்லை என்றால் பெயிண்ட்டுக்கும் செலவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்

வெளிநாட்டுப் படங்களில் பார்க்கும் மேல்நோக்கி மடியும் கராஜ் கதவு 1921-ல் அமெரிக்காவில் வந்தது. நம் பக்கத்தில் கார் நிற்பது போர்டிகோவில், அல்லது கடைக்கு வாடகை விடலாம் என்று கட்டி, ஆள் வராததால் வண்டி நிறுத்தும் ஷட்டர் ரூமில். கதவின் உருவம் வேறானாலும் ஆபத்து ஒன்றுதான். ஷட்டரின் மேலுருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங், முழுக் கதவின் எடையையும் தாங்கும் அளவுக்கு முறுக்கேறி இருக்கிறது. அதனால்தான் ஒரு பாட்டி கூட ஒரு கையால் தூக்க முடிகிறது. தூக்கக் கனமாகிவிட்டாலோ, பாதியில் நிற்காமல் தடாலென்று இறங்கினாலோ ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஏணி போட்டு நீங்களே ஏறாதீர்கள். ஷட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பிடி நழுவினால் அது எலும்பை உடைக்கும்.

ஓடும் சேனலில் கிரீஸ் பூசுவதும், மெக்கானிக் ஷாப்பில் வாங்கி வந்த வேஸ்ட் ஆயிலை ஊற்றுவதும் நம்மூர் பழக்கம். ஒரு வாரம் வெண்ணெயாக ஓடும். பிறகு சாம்பல் அதில் ஒட்டி, அரைக்கும் பசையாக மாறி, தகடுகளின் துத்தநாகத்தைத் தேய்த்துவிடும். சேனலைக் கழுவிக் காயவிட்டு, சிலிகான் ஸ்பிரே போடுவதே சாம்பல் ஊருக்குச் சரி. எல்லா வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும் டபிள்யூ.டி.-40, 1953-ல் ராக்கெட் உடம்பில் ஈரம் விரட்டப் பிறந்தது. இறுகிய தாழ்ப்பாளை இளக்கும். அதை நம்பி நிரந்தர எண்ணெயாக விட முடியாது. கீல்களுக்கும் சக்கர பேரிங்குகளுக்கும் மட்டும், வெளியே வழியாத அளவுக்கு, கிரீஸ்.

தள்ளு கேட் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை இன்றைக்கே பார்க்க வேண்டும். தண்டவாளத்தின் இரு முனையிலும் கேட் தாண்டிப் போகாமல் தடுக்கும் ஸ்டாப்பர் இருக்கிறதா? மேலே பிடித்திருக்கும் வழிகாட்டி உருளையின் போல்ட்டுகள் துருவில் தேய்ந்திருக்கின்றனவா? கேட் சாய்ந்து, அதைத் தள்ளி விளையாடிய குழந்தை இறந்தது என்ற செய்தி தமிழ்நாட்டில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த போல்ட்டின் விலை ஒரு தேநீர் அளவு. மோட்டார் வைத்த கேட்டென்றால், கீழே மரக்கட்டையை வைத்து மூடிப் பாருங்கள். முட்டியதும் திரும்பி ஓட வேண்டும். அமெரிக்காவில் 1993-லிருந்து தயாராகும் தானியங்கி கராஜ் கதவுகளுக்கு இந்தப் பாதுகாப்பு சட்டப்படி கட்டாயம். இங்கே வாங்கும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக, எப்போது பெயிண்ட் அடிப்பது? நம் ஊரில் இதற்கு ஒரே பதில்: பொங்கலுக்கு. வெள்ளையடிப்போடு சேர்த்து மார்கழிக் கடைசியில் கேட்டுக்கும் ஒரு கோட். இரும்புக்கு இதைவிடப் பொருத்தமில்லாத நேரம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். தரையெல்லாம் ஈரம், காலையில் பனி. இரவில் குளிர்ந்த இரும்பின் மேல், தொட்டால் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்பது, பத்து மணி வரை இருக்கும். பூச்சு அடிக்கும் பரப்பின் வெப்பம், பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது மூன்று டிகிரி மேலே இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் கப்பலுக்கும் பாலத்துக்கும் பெயிண்ட் அடிப்பவர்கள் கடைப்பிடிக்கும் விதி. மார்கழிக் காலை அந்தத் தேர்வில் தேறாது. ஈரத்தின் மேல் ஏறிய எனாமல் சித்திரை வெயிலில் கொப்பளிக்கும். அடுத்த பொங்கலுக்கு மறுபடி டப்பா வாங்குவோம்.

அக்னி நட்சத்திரமும் ஆகாது. நேர் வெயிலில் தகடு கை வைக்க முடியாமல் சுடும். பெயிண்ட் பரவுவதற்குள் மேல்தோல் காய்ந்து பிரஷ் கோடு நிற்கும். மாசியும் பங்குனியும்தான் நல்ல காலம். அந்த மாதங்களிலும் கிழக்குப் பார்த்த கேட்டை மதியத்துக்கு மேலும், மேற்குப் பார்த்ததைக் காலையில் பனி காய்ந்த பிறகும் அடிக்க வேண்டும். நிழலில் இருக்கும் இரும்பில்தான் பெயிண்ட் ஒழுங்காக இறங்கும்.

எனவே வரும் போகிக்குச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடியுங்கள். கேட்டை மழைத் தண்ணீரில் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து விட்டுவிடுங்கள். பெயிண்டருக்கு அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தால் மாசி மாதத்துக்குத் தேதி சொல்லிக் கொடுங்கள். தேய்ப்பதற்கு மூன்று நாள் கூலியையும் அப்போதே பேசிவிடுங்கள்.